யாரும் பறக்காத நேர்வழி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குத் தூரம் 15,349 கிலோமீட்டர். இணையத்தில் எந்தக் கணிப்பானைக் கேட்டாலும், சில கிலோமீட்டர் முன்பின்னாக, நொடியில் இந்த எண்ணைச் சொல்லிவிடும். நடுவில் எங்கும் இறங்காமல் பயணிகளை ஏற்றிச்செல்லும் வழக்கமான விமானச் சேவைகளில், இந்த அத்தியாயம் எழுதப்படும்போது, உலகிலேயே நீளமானது இதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் இதைத் தொடங்கியது. பயண நேரம் பதினெட்டரை மணிக்குச் சற்று முன்பின்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த 15,349 கிலோமீட்டர் நேர்வழியில் அந்த விமானம் அநேகமாக ஒருநாளும் போவதில்லை. பல நாட்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகிறது. சுற்றிப் போவதால்தான் சீக்கிரம் போய்ச் சேருகிறது. இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பது வடிவியல் கேள்வி. ஒருமுறை கணக்கிட்டுவிட்டால் முடிந்தது. எவ்வளவு நேரம் என்பதற்குக் காற்றும், குளிரும், எடையும், எண்ணெய் விலையும், அரசாங்கங்களும் கூடித்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் தினமும் மாறும்.

முதலில் தூரக் கணக்கைப் போட்டுவிடுவோம். இந்த இரண்டு ஊர்களுக்கும் அதைக் காகிதத்தில் பென்சிலாலேயே போடலாம். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 பாகையில், கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம் வடக்கே 40.6 பாகை, மேற்கே 73.8 பாகை. கிழக்கும் மேற்குமான இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.8 வருகிறது. அதாவது ஏறக்குறைய 180. உருண்டையின் ஒரு பக்கத்தில் சிங்கப்பூர் என்றால், நேர் எதிர்ப்பக்கக் கோட்டில் நியூயார்க். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மிகக் குறுகிய வழி வடதுருவத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குவதுதான். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை. மொத்தம் 138.

ஒரு பாகை என்பது 60 கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படித்தான் பிறந்தது: பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. மாலுமிகளும் விமானிகளும் இன்றும் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், கோணத்தைப் பார்த்தவுடன் தூரத்தைச் சொல்லிவிடலாம் என்பதுதான். 138 பாகைக்கு 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 15,335 கிலோமீட்டர் கிடைக்கிறது. கணிப்பான் சொன்னதற்கும் இதற்கும் வெறும் 14 கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. தட்டையான துருவப் பகுதியில் ஒரு பாகையின் நீளம் கொஞ்சம் கூடுகிறது. விட்டுப்போன கிலோமீட்டர்களுக்கு முக்கியக் காரணம் அதுவே.

எதிரெதிரே அமையாத ஊர்களுக்கு இவ்வளவு எளிதாகக் கணக்கு வராது. கோள முக்கோணவியல் வேண்டும். ஆனால் கருத்து ஒன்றுதான்: உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கும் உருண்டையின் மையத்துக்கும் சேர்த்து ஒரு தளத்தால் வெட்டினால் கிடைக்கும் வட்டம் பெருவட்டம். குறுகிய வழி எப்போதும் அதன் ஒரு வில். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், எந்த ஊரும் எந்த ஊருக்கும் அதில் பாதிக்கு மேல், அதாவது 20,000 கிலோமீட்டருக்கு மேல், தூரமாக இருக்க முடியாது. சிங்கப்பூர்–நியூயார்க் அதில் முக்கால் பங்கு.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்பமுடியாததாக இருக்கும். அந்த வரைபடங்களில் பல, ஜெரார்டஸ் மெர்கேட்டர் 1569இல் வகுத்த முறையில் வரையப்பட்டவை. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை, அதில் நேர்க்கோடாக விழும். அதற்காகவே செய்யப்பட்டது அது. அந்த வேலையை இன்றும் அருமையாகச் செய்கிறது. ஆனால் அதில் துருவம் வரையவே முடியாது, முடிவில்லாத உயரத்துக்குப் போய்விடும். அந்த வரைபடத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது எங்கெங்கோ சமுத்திரத்தைக் கடக்கும். உண்மையான நேர்வழியோ சாங்கியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பி, தாய்லாந்தின் கிழக்குப் பகுதி, லாவோஸ், சீனாவின் குன்மிங், மங்கோலியா, சைபீரியாவில் பைக்கால் ஏரிக்கு மேற்கே என்று ஏறிப்போய், வடதுருவத்துக்கு சுமார் 280 கிலோமீட்டர் பக்கத்தில் திரும்பி, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், கனடாவின் பாஃபின் தீவு, மான்ட்ரியல் பக்கம் என்று இறங்கும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வழி தெரிந்துவிட்டது. ஏன் அதில் போவதில்லை?

மலையில் தொடங்கலாம். அந்தக் கோடு சீனாவின் மேற்கு சிச்சுவானில், திபெத்தியப் பீடபூமியின் கிழக்கு விளிம்பில் ஏறுகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் விமானி சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடியில் ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் போலத்தான் வரும். கீழே நிலமே 4,000 மீட்டருக்கு மேல் இருந்தால் எங்கே இறங்குவது? தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டுதான் அங்கே பறக்க முடியும்.

அடுத்து குளிர். விமானங்களில் ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஜெட் ஏ வகைக்கு மைனஸ் 40தான். ஆர்க்டிக்கின் மேல் குளிர்காலத்தில் வெளிக்காற்று மைனஸ் 60, 70 என்று போகும். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் அந்தக் குளிரில் கிடந்து மெல்ல மெல்ல ஆறும். அளவுக்கு மீறி ஆறத் தொடங்கினால் விமானி உயரத்தைக் குறைத்தோ வேகத்தைக் கூட்டியோ சூடேற்ற வேண்டும். தகவல் தொடர்பும் சிக்கல். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் 82 பாகைக்கு மேல் கண்ணுக்கே தெரியாமல் தொடுவானத்துக்குக் கீழே போய்விடுவதால், அங்கே நெடுங்காலம் பழைய சிற்றலை வானொலியே துணையாக இருந்தது. சூரியப் புயல் அடித்தால் அதுவும் கரகரக்கும். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் பழுதானால் இத்தனை நிமிடத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும் என்ற விதி வேறு.

இவை எல்லாம் சமாளிக்கக்கூடியவையே. துருவப் பாதையில் எத்தனையோ விமானங்கள் பறந்திருக்கின்றன. சமாளிக்க முடியாதது கீழே இருக்கும் நாட்டின் அனுமதி. இதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ வழியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சோவியத் யூனியன் தன் வான்வெளியைத் திறக்காத காலத்தில், 1983இல், ஃபின்னேர் நிறுவனம் துருவத்தைச் சுற்றிக்கொண்டு டோக்கியோவுக்கு நடுவில் நில்லாமல் பறந்தது. பிறகு வழி திறந்தது. சைபீரியாவின் மேலாக ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஃபின்லாந்து அந்தக் குறுகிய வழியை நம்பியே ஆசியாவுக்கான வாசலாகத் தன்னை அமைத்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. மார்ச் மாதமே ஃபின்னேர் மறுபடியும் துருவத்தைச் சுற்றப் போனது. பயணம் 13 மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தூரம் பழைய 7,800 கிலோமீட்டர்தான். நடுவில் மூன்றரை மணி நேரத்தை அரசியல் சேர்த்துவிட்டது.

சிங்கப்பூர்–நியூயார்க் விஷயத்தில் இவை எல்லாவற்றையும்விட எனக்குச் சுவையாகத் தெரிவது காற்று.

1920களில் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர், டோக்கியோவுக்கு வடக்கே தாதெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை விட்டு, அவை மேலே போகப் போக எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன என்று அளந்தார். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பேய்க்காற்று ஓடுவது தெரிந்தது. அதை உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று நினைத்து எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜப்பான் மேல் குண்டு வீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டி, குண்டுகள் எங்கோ விழத் தொடங்கியபோதுதான் அதன் பலம் எல்லோருக்கும் உறைத்தது. இன்று அதை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் காற்றைத் துருவம் நோக்கித் தள்ளுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்காகத் திருப்புகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் சர்வசாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது 300ஐயும் தாண்டும்.

விமானத்தின் வேகம் எப்போதும் அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. ஏர்பஸ் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர். ஆகவே விமானத்துக்கு 900. காவிரியில் பரிசல் போடுகிறவர் தண்ணீரில் எவ்வளவு வேகமாகத் துடுப்புப் போட்டாலும், கரையில் நிற்பவருக்குத் தெரியும் வேகத்தில் ஆற்றின் ஓட்டமும் சேர்ந்துகொள்ளும் அல்லவா, அப்படி. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. சாதாரணமாக ஆறு மணிக்கு மேல் ஆகும். தரையை வைத்து அளந்தால் அது ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது; ஒலியின் வேகத்தைவிட அதிகம். ஆனால் காற்றைப் பொறுத்தவரை அது ஒலியை எட்டவே இல்லை. யாருக்கும் வெடிச்சத்தம் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, மேற்கு நோக்கிப் பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். வராது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, கிளம்பும் முன் ஓடுபாதையில் நின்ற விமானமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. உண்மையில் மேற்கே போகும் பயணம்தான் பெரும்பாலும் நீளுகிறது, காரணம் ஜெட் ஸ்ட்ரீம்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது எடுத்துவிடலாம் என்று நினைப்பதும் கணக்கில் நிற்காது. 9,000 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். காற்றோடு போனால் 9 மணி நேரம். எதிர்த்து வந்தால் 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 20 மணி நேரத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம் என்பதால் நஷ்டம் எப்போதும் லாபத்தை மிஞ்சும்.

ஆனால் சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் இந்த விதியையே ஏமாற்றலாம். இரண்டு ஊர்களும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், எந்தப் பக்கம் கிளம்பினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. எனவே சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பல நாட்களில் ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கின் மேல் ஜெட் ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போகிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானமும் பல நாட்களில் கிழக்கேதான் கிளம்புகிறது. அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா என்று வந்து சேருகிறது. போக வரப் பின்காற்று! நேர்வழியில் காற்றின் உதவி இல்லாமல் 15,349 கிலோமீட்டரை 900 வேகத்தில் பறந்தால் 17 மணி நேரம். 16,500 கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் சராசரியாக 80 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் 17 மணிக்குள் வேலை முடிகிறது. ஒரு சுற்றுப்பயணம் போய்வந்தவர், தனக்கே தெரியாமல், பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கலாம்.

எந்த நாள் எந்த வழி என்பதை விமானி ஜன்னல் வழியே பார்த்து முடிவு செய்வதில்லை. லண்டனிலும் வாஷிங்டனிலும் உள்ள இரண்டு மையங்கள் உலகம் முழுவதற்குமான மேல்காற்று முன்னறிவிப்பை வெளியிடுகின்றன. அதை வைத்து ஒவ்வொரு பயணத்துக்கும் நிறுவனத்தின் கணினி புதிதாகப் பாதை போடுகிறது.

இனி எடை. இப்படிப்பட்ட நீண்ட சேவைகளுக்காகவே அமைக்கப்பட்ட ஏ350-900 யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 132 டன். விமானம் கிளம்பும்போது அதிகபட்சம் 280 டன்தான் இருக்கலாம். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்! அதில் ஏறுகிறவர்களோ 161 பேர். பெட்டி படுக்கையோடு ஆளுக்கு 100 கிலோ போட்டாலும் 16 டன். முதல் பல மணி நேரம் விமானம் எரிப்பதில் கணிசமான பகுதி, பின்னால் எரிக்கப்போகும் எரிபொருளைத் தூக்கிச் சுமப்பதற்கே செலவாகிறது. அதனால் தூரம் கூடக் கூடச் செலவு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாக ஏறுகிறது. கிளம்பியவுடன் பாரம் தாங்காமல் தாழ்ந்து பறக்கும் விமானம், எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக மேலே ஏறிக்கொள்கிறது.

அந்த 161 இருக்கைகளில் 67 பிசினஸ் வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ஆட்களை நெருக்கி ஏற்றினால் எரிபொருளுக்கு இடம் இருக்காது. குறைவாக ஏற்றினால் டிக்கெட் விலை ஏறும். எகானமி பயணி நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் விமானத்தில் போவதே மலிவு. ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டால் இந்தச் சுமை தூக்கும் வேலை பாதியாகக் குறைகிறது அல்லவா! நீண்ட ஒரே பறப்பு என்பது நேரத்தை விலை கொடுத்து வாங்கக்கூடியவர்களுக்கான பண்டம் என்றே நான் நினைக்கிறேன்.

இதே நிறுவனம் 2004இலேயே நியூயார்க் பக்கத்து நியூவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. அப்போது பயன்பட்ட ஏ340-500க்கு நான்கு எஞ்சின். இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் கொள்ளும். எண்ணெய் விலை ஏறியபோது அது கட்டுப்படியாகவில்லை. 2013இல் நிறுத்தினார்கள். இரண்டே எஞ்சினில் அதே தூரம் போகும் ஏ350 வந்த பிறகு, 2018 அக்டோபரில்தான் சேவை மீண்டது. இந்த ஐந்து ஆண்டுகளில் மாறியது எரிபொருள் சிக்கனம் மட்டுமே, வேகம் மாறவில்லை. 1958இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 707கூட ஏறத்தாழ இதே வேகத்தில்தான் பறந்தது. வேகத்தில் எல்லோரையும் தோற்கடித்த கான்கார்ட், லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு 1970களின் இறுதியில் கொஞ்சகாலம் வந்துபோனது உண்டு. அது பஹ்ரைனில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டுதான் வந்தது. ஒரே மூச்சில் 7,000 கிலோமீட்டர் போவதே அதற்குப் பெரும்பாடு.

கடைசியாகக் கடிகாரம். அட்டவணையில் அச்சாகும் பயண நேரம், விமானம் நிறுத்தத்திலிருந்து நகரும் நொடியில் தொடங்கி மறுமுனையில் நிற்கும் வரைக்கும். ஓடுபாதைக்குக் காத்திருப்பதும், இறங்கியபின் ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். அதனால்தான் நமது கணக்கில் 17 வந்தது அட்டவணையில் பதினெட்டரை ஆகிறது. குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால். சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பிப் பதினெட்டரை மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அதே தேதி காலை ஐந்தரைக்கு இறங்கலாம். உடம்பு மட்டும் மாலை ஆறரை என்று அடம்பிடிக்கும். இதில் ஒரு மணி நேரம் செயற்கையானதும்கூட: சூரியனைப் பார்த்தால் சிங்கப்பூருக்கு உரியது கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம்தான். 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு ஒத்துப்போவதற்காகக் கடிகாரத்தை எட்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.

உங்கள் கையில் ஏதாவது ஒரு நீண்ட பயணத்தின் இருவழி டிக்கெட் இருந்தால், அந்த வழியின் காற்றை நீங்களே அளக்கலாம். சென்னை–லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். இரண்டு ஊர் நேர வித்தியாசத்தையும் கழித்த பிறகு, போக 11 மணி, வர 10 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ந்து செல்வதற்காக இரண்டிலும் அரை மணி கழியுங்கள். தூரத்தை இரண்டாலும் தனித்தனியே வகுத்தால் 781, 863. வித்தியாசத்தில் பாதி, மணிக்கு 41 கிலோமீட்டர்: அதுதான் தோராயமாக அந்த வழியின் சராசரி மேல்காற்று. ஜனவரி டிக்கெட்டுக்கும் ஜூலை டிக்கெட்டுக்கும் போட்டுப் பாருங்கள். வட அரைக்கோளத்தில் ஜெட் ஸ்ட்ரீம் குளிர்காலத்தில்தான் வலுவாக ஓடும்.